கேத்தே கோல்விட்ஸ் அம்மையாரின் துயரும் கலையும்

(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நெசவைக் குலத்தொழிலாகக் கொண்ட இவ்வவையில், ஜெர்மனி தேசத்து ஓவியர் ஒருவரைப் பற்றிப் பேச யாம் துணிந்தமைக்குக் காரணம் உண்டு. அவர் முதற்கண் புகழெய்தியது நெசவாளர் துயரைச் சித்திரித்தமையாலேயாம். கேத்தே கோல்விட்ஸ் என்பது அவ்வம்மையார் பெயர். 1867-ஆம் ஆண்டு பிறந்த அவர், கார்ல் என்னும் மருத்துவரை மணந்து, பெர்லின் நகரில் தொழிலாளர் வாழும் பகுதியிற் குடியிருந்தார்.

1844-ஆம் ஆண்டில் சைலீசியா நாட்டு நெசவாளர், கூலி குறைந்து பசி மிகுந்தமையாற் கிளர்ந்தெழுந்தனர்; படையினர் சுட்டு அடக்கினர். ஹாப்ட்மன் என்பார் அதனை நாடகமாக்கினார். அந்நாடகத்தைக் கண்டு உள்ளம் உருகிய அம்மையார் ஆறு அச்சுப் படங்களை இயற்றினார். முதற் படத்தில், தறி கிடக்கும் இருண்ட அறையில் நோயுற்ற குழந்தையின்மேல் ஒரு தாய் தலை கவிழ்ந்திருக்கிறாள். இறுதிப் படத்தில், அத்தகைய அறையிலேயே மாண்டாரைக் கிடத்துகின்றனர். 1898-இல் நடுவர் குழு இவற்றிற்குப் பதக்கம் அளிக்கக் கூறியும், கெய்சர் இரண்டாம் வில்லியம் மறுத்துவிட்டார்.

பிறர் துயரைத் தீட்டிய அவருக்குத் தம் துயரும் வந்துற்றது. 1914-இல் பெரும்போர் மூண்டது. இளைய மகன் பீட்டர் பதினெட்டு வயதினன். படையிற் சேரத் தந்தையின் இசைவு வேண்டும். தந்தை தயங்கினார். மகனுக்காகப் பரிந்து பேசி இசைவு பெற்றுத் தந்தவர் தாயே. அவ்வாண்டு அக்டோபர் மாதத்திலேயே பீட்டர் பெல்ஜியத்திற் களத்தில் வீழ்ந்தான்.

ஒரே மகனைப் போருக்கு விடுத்த தாயைப் பாராட்டும் புறநானூற்றுப் பாடலை யாம் மாணவர்க்குக் கற்பித்து வருகின்றோம். விடுத்தபின் அத்தாய் எவ்வாறு வாழ்ந்தாள் என்பதை மாசாத்தியார் பாடினாரல்லர். அம்மையாரின் கலை அவ்விடத்திலேதான் தொடங்குகின்றது.

போரைப் பற்றி அவர் மரத்திற் செதுக்கி அச்சிட்ட படங்கள் ஏழு. அவற்றுள் ஒன்றில் கூற்றுவன் பறை முழக்கி முன் செல்ல, இளைஞர் பின்தொடர்கின்றனர். அவனுக்கு அணித்தாகச் செல்பவன் பீட்டரே. மகனை அழைத்துச் சென்ற பறையை அம்மையார் பகைவர் பறையாகத் தீட்டவில்லை.

மகனுக்கென ஒரு நினைவுச் சின்னம் அமைக்க அவ்வாண்டிலேயே எண்ணினார். மகன் உடல் கிடக்க, தந்தை தலைமாட்டிலும் தாய் கால்மாட்டிலும் இருப்பதாக முதலில் வகுத்தார். மனநிறைவின்றிக் கைவிட்டார், மீண்டும் தொடங்கினார். 1932-இல்தான் அது பெல்ஜியத்து இடுகாட்டில் நிறுவப்பெற்றது. பதினெட்டாண்டு வாழ்ந்த மகனுக்குப் பதினெட்டாண்டு உழைப்பு! முடிவில் மகனுருவம் இல்லை. முழந்தாளிட்ட இரு கருங்கல் உருவங்களே உள்ளன. தந்தை கைகளால் தம்மையே இறுகப் பற்றி நிமிர்ந்திருக்கிறார், தாய் குனிந்திருக்கிறாள். கொடியும் வாளும் வெற்றி மொழியும் அங்கில்லை. அம்முகங்கள் கார்லுக்கும் அம்மையாருக்கும் உரியன. இன்று அவை விளாட்ஸ்லோ என்னும் ஊரில், இருபத்தையாயிரத்துக்கு மேற்பட்ட வீரர் துயிலும் இடத்தில் உள்ளன.

1933-இல் ஹிட்லர் ஆட்சியினர் அம்மையாரைக் கலைக்கழகத்தினின்றும் விலகச் செய்தனர். 1942-இல் பீட்டர் என்னும் பெயருடைய பேரனும் ருஷியப் போர்முனையில் மாண்டான். 1945 ஏப்ரலில், போர் முடியுமுன், அம்மையார் காலமானார்.

அன்பர்களே! தாம் தந்த இசைவை அவர் மறைக்கவில்லை. துயரைப் பகையாக மாற்றவுமில்லை. நம் இல்லத்து இளைஞர் எவர் பறையொலிக்கேனும் எழும்போது, அவர்க்கு இசைவளிக்குமுன் முழந்தாளிட்ட அவ்விருவரையும் நாம் ஒருகணம் நினைப்போமாக.