பென்சிலைக் கீழே வை

(நாக்பூர் கிளையின் குடும்ப விழாவில் ஆற்றிய உரை)



செயலாளர் என்னைப் பேச அழைத்தபோது, "மேல்படிப்புக்கான நுழைவுத் தேர்வில் கணக்குப் பகுதியைப் பற்றிச் சொல்லுங்கோ மாமி, நீங்கள் கணக்கு டீச்சராச்சே" என்றார். 32 வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக் கொடுத்தது வாஸ்தவம். ஆனால் இந்தத் தேர்வைப் பற்றிப் பேச எனக்கு வேறொரு யோக்யதை உண்டு. இதில் என் பேத்தி தடுக்கி விழுந்ததற்குப் பாதிக் காரணம் நான்.

பேத்தி புனேயில் இன்ஜினீயரிங் முடித்து 2 வருஷம் வேலை பார்த்தாள். அமெரிக்காவில் எம்.எஸ். படிக்க ஆசை. 2024 அக்டோபர் ஆரம்பத்தில் ஜி.ஆர்.ஈ. எழுதினாள். அதில் கணக்குப் பகுதிக்கு மதிப்பெண் 130இல் தொடங்கி 170இல் முடியும். அவளுக்கு வந்தது 153. அவள் மனசில் வைத்திருந்த படிப்புகளுக்கு அது போதாது. எனக்கு ஃபோன் பண்ணிச் சொன்னாள். நான் சொன்ன முதல் வார்த்தை, "பத்தாங்கிளாஸ் கணக்கிலா தப்பு பண்ணினே? நீ என் பேத்திதானா?" அந்தப் பக்கம் சப்தமே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து என் பெண் ஃபோனை வாங்கி, "அம்மா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாள். அதற்கப்புறம் பேத்தி என்னோடு பேசவில்லை.

பத்தாங்கிளாஸ் கணக்கு என்று நான் சொன்னதில் பிசகில்லை. அந்தத் தேர்வில் எண்கணிதம், அல்ஜீப்ரா, ஜியோமெட்ரி, அட்டவணையையும் வரைபடத்தையும் படித்துச் சொல்வது, கொஞ்சம் புள்ளியியலும் நிகழ்தகவும், இவ்வளவுதான். டிரிக்னாமெட்ரி கிடையாது, கால்குலஸ் கிடையாது. திரையிலேயே ஒரு கால்குலேட்டரும் கொடுத்துவிடுகிறார்கள். இதில் போய் ஒரு இன்ஜினீயர் எப்படித் தவறுவாள் என்பதுதான் என் கோபம்.

தீபாவளிக்கு வந்தாள். கங்கா ஸ்நானம், பட்சணம் எல்லாம் ஆன பிறகு, லாப்டாப்பைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். "பாட்டி, ஒரு செக்ஷன் நீ போடேன்" என்றாள். தேர்வை நடத்தும் ஈ.டி.எஸ். நிறுவனமே பவர்பிரெப் என்ற பெயரில் இலவசமாகத் தரும் மாதிரித் தேர்வு அது. கணக்கில் இரண்டு செக்ஷன். முதலில் 12 கேள்விக்கு 21 நிமிஷம், அடுத்ததில் 15 கேள்விக்கு 26 நிமிஷம். கேள்விக்கு ஒன்றே முக்கால் நிமிஷம்கூடச் சரியாக வராது. நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, புது நோட்டில் மார்ஜின் கிழித்து, முதல் கணக்கை ஆரம்பித்தேன். 21 நிமிஷம் ஆனபோது 7 கணக்கு முடித்திருந்தேன். அதில் 3 தப்பு. ஆக மொத்தம் பன்னிரண்டில் நான்கு!

இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த மூன்று தப்பையும் ஐந்து மீதியையும் உட்கார்ந்து பார்த்ததில்தான் விஷயமே புரிந்தது. அந்தக் கேள்விகளை அப்படியே சொல்லாமல், அதே ஜாதியில் நானே கட்டிய கணக்குகளைச் சொல்கிறேன்.

இந்தத் தேர்வில் ஒப்பிட்டுப் பார்க்கும் கேள்வி என்று ஒரு வகை உண்டு. இடது பக்கம் ஒரு அளவு, வலது பக்கம் ஒரு அளவு. எது பெரிது என்று சொன்னால் போதும். உதாரணமாக, இடது பக்கம் 37 × 43, வலது பக்கம் 40 × 40. நான் பெருக்கினேன். 1591, 1600. வலது பெரிது. விடை சரி, ஆனால் ஒரு நிமிஷம் போயிற்று. பேத்தி பெருக்கவே இல்லை. "இரண்டு பக்கமும் கூட்டினா 80 பாட்டி. கூட்டுத்தொகை ஒண்ணா இருந்தா, சமமாப் பிரிச்சாத்தான் பெருக்குத்தொகை அதிகம். 37 × 43ன்னா 40 ஸ்கொயர்லேர்ந்து 3 ஸ்கொயரைக் கழிக்கணும்" என்றாள். அந்தச் சூத்திரத்தை 32 வருஷம் கரும்பலகையில் எழுதியவள் நான். ஒரு நாளும் அதை வைத்து நேரத்தை மிச்சப்படுத்தியது கிடையாது.

இன்னொன்று. எக்ஸ் என்பது பூஜ்யமில்லாத ஒரு எண். இடது பக்கம் எக்ஸின் வர்க்கம், வலது பக்கம் எக்ஸ். எது பெரிது? வர்க்கம்தான் பெரிது என்று உடனே எழுதினேன். எக்ஸ் என்றதும் நமக்கு 2, 3, 5 என்று கடையில் எண்ணி வாங்கும் தேங்காய் மாதிரிதான் தோன்றுகிறது. எக்ஸ் அரையாக இருந்தால்? வர்க்கம் கால்தானே! ஒன்றாக இருந்தால் இரண்டும் சமம். ஆகவே சரியான விடை, "கொடுத்த விவரத்தை வைத்துச் சொல்ல முடியாது" என்ற நான்காவது பதில். என் வகுப்பில் ஒரு குழந்தை "சொல்ல முடியாது" என்று எழுதியிருந்தால் முட்டை போட்டு, பெற்றோரிடம் கையெழுத்து வாங்கிவரச் சொல்லியிருப்பேன்.

குழந்தைகளா, இந்த வகைக் கேள்வியில் எழுத்து வந்தால் பூஜ்யம், ஒன்று, பின்னம், மைனஸ் எண் என்று, கேள்வி இடம் கொடுக்கிற அளவுக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு விதமாக விடை வந்ததும் நிறுத்திவிடலாம், நான்காவது பதில்தான். இரண்டு பக்கமும் வெறும் எண்களே இருந்தால் நான்காவது பதில் வரவே வராது. அங்கே மூன்றுக்குள்தான் தேட வேண்டும். ஜியோமெட்ரி படத்தையும் கண்ணால் அளக்காதீர்கள். அது அளவுப்படி வரைந்ததாக இருக்க வேண்டிய அவசியமில்லை. செங்கோணம் மாதிரித் தெரிந்தாலும், செங்கோணம் என்று சொல்லியிருக்கிறதா என்று பாருங்கள்.

போகும்போது மணிக்கு 60 கிலோமீட்டர், அதே வழியில் திரும்பும்போது 40. சராசரி வேகம் என்ன? 50 என்று எத்தனை பேர் மனசில் வந்தது? தூரம் 120 என்று நாமே வைத்துக்கொள்வோம். போக 2 மணி, வர 3 மணி. 240 கிலோமீட்டருக்கு 5 மணி, ஆக 48. இப்படித் தனக்குச் சௌகரியமான எண்ணைத் தானே வைத்துக்கொண்டு போட்ட பிள்ளைகளுக்கு, குறுக்குவழி என்று நான் அரை மார்க் குறைத்ததுண்டு. அவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்களோ, மன்னிக்க வேண்டும்.

15லிருந்து 45 வரை, இரண்டையும் சேர்த்து எத்தனை முழு எண்கள்? கழித்தால் 30. விடை 31. இதில் நம் மனுஷ்யர்கள் தவறவே கூடாது. குழந்தை 5ஆம் தேதி பிறந்தால் பிறந்த நாளையும் சேர்த்து எண்ணித்தானே 15ஆம் தேதி புண்யாஹவாசனம் வைக்கிறோம்?

இப்போது அவளுடைய 153க்கு வருகிறேன். என் மாதிரியேதான் அவளும் எழுதியிருக்கிறாள். கேள்வியை முழுக்கப் படிக்குமுன் ஸ்டெப் எழுத ஆரம்பிப்பது. நம் போர்டு பரீட்சையில் ஸ்டெப்புக்கு மார்க் உண்டு, ஆகவே அப்படிப் பழக்கினோம். இங்கே ஸ்டெப்பைப் பார்க்க ஆளே இல்லை. கடைசி 5 கேள்வியை அவள் படிக்கவே நேரமில்லை. சரி, ஏதாவது ஒன்றைத் தொட்டுவிட்டு வந்திருக்கலாமே, ஜி.ஆர்.ஈ.யில் தப்பு விடைக்கு மார்க் குறைப்பதில்லையே, ஏன் காலியாக விட்டாய் என்று கேட்டேன். "தெரியாததை எழுதாதேன்னு நீதானே பாட்டி சொல்லுவே" என்றாள்.

எனக்கு வாய் அடைத்துவிட்டது. அன்றைக்கு அக்டோபரில் சொன்ன வார்த்தையை மனசில் வைத்துக்கொள்ளாதே என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "வெச்சுண்டுதான் இருக்கேன் பாட்டி. பரவாயில்லை" என்றாள்.

(கேட் பரீட்சை எழுதுகிறவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அங்கே விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகளில் சரிக்கு 3, தப்புக்கு ஒன்று கழித்துவிடுவார்கள். எண்ணை நாமே தட்டும் கேள்விகளில் கழிப்பதில்லை.)

மறுநாளிலிருந்து ஆரம்பித்தோம். அவள் புனே திரும்பிய பிறகு ராத்திரி 9 மணிக்கு ஃபோன். தினம் 10 கேள்வி. ஒரே ஒரு நிபந்தனை: முதல் 20 வினாடி பென்சில் கீழே இருக்க வேண்டும். என்ன கேட்கிறார்கள், முழுக்கப் போட வேண்டுமா, சுமாராகப் பார்த்தால் போதுமா என்று வாயால் சொன்ன பிறகுதான் எடுக்கலாம். கால்குலேட்டரும் அப்படித்தான். 45இல் 20 சதவீதத்துக்கெல்லாம் அதைத் திறந்தால் நேரம் போச்சு. முதல் வாரம் இரண்டு பேருக்குமே கை பரபரத்தது. தப்பான கணக்குக்குத் தனி நோட்டு; அதில் கணக்கைத் திரும்பப் போடக்கூடாது, ஏன் தப்பு என்பதை மட்டும் ஒரு வரி எழுத வேண்டும். "ஆரம் கேட்டான், விட்டம் எழுதினேன்", "மைனஸை மறந்தேன்" இப்படி. மூன்று வாரத்தில் அந்த நோட்டில் நாலைந்து வாக்கியமே திரும்பத் திரும்ப வந்தது. ஆச்சரியம், அவள் நோட்டிலும் என் நோட்டிலும் அதே வாக்கியங்கள்.

முதல் செக்ஷனில் நிதானம் வேண்டும் என்பதும் அப்போது தெரிந்துகொண்டதுதான். அதில் எப்படிச் செய்கிறோம் என்பதைப் பார்த்து இரண்டாவது செக்ஷனின் கடினத்தை நிர்ணயிக்கிறார்கள். ஒரு செக்ஷனுக்குள் கேள்விகளுக்குச் சம மதிப்பு, திரும்பிப் போய்ப் பார்க்கவும் முடியும். ஆகவே ஒரு கணக்கோடு மல்லுக்கட்டாமல், குறி போட்டுவிட்டு நகர வேண்டும்.

2024 டிசம்பரில் மறுபடி எழுதினாள். 164. 2025 ஆகஸ்டில் கிளம்பிப் போனாள்.

பெற்றோர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இந்தத் தேர்வை 21 நாள் இடைவெளி விட்டு மறுபடி எழுதலாம், 12 மாதத்தில் 5 தடவை வரை. மதிப்பெண் 5 வருஷம் செல்லும். எந்தத் தேதி மதிப்பெண்ணை அனுப்புவது என்பதும் நம் இஷ்டம். கட்டணம் மட்டும் ஒவ்வொரு தடவையும் கட்ட வேண்டும், அது சின்னத் தொகை இல்லை. இதெல்லாம் அன்றைக்கு எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அந்த வார்த்தை வாயில் வந்திருக்குமோ என்னவோ.

ஞாயிற்றுக்கிழமைகளில் சாயங்காலம் 4 மணிக்கு இதே ஹாலில் உட்காரலாம் என்று செயலாளர் அனுமதி கொடுத்திருக்கிறார். தக்ஷிணை வேண்டாம், பென்சிலும் கடிகாரமும் கொண்டுவந்தால் போதும். நானும் உங்களோடு உட்கார்ந்து போடுவேன்.

போகுமுன் ஒரு கேள்வி. ஐந்து எண்களின் சராசரி 10. இடது பக்கம், அந்த ஐந்தில் மிகப் பெரிய எண். வலது பக்கம் 10. எது பெரிது? பென்சில் வேண்டாம், 20 வினாடி தருகிறேன்... என்ன? "ஐந்துமே பத்தா இருந்தா?" என்று முன்வரிசையில் ஒரு வாண்டு கேட்கிறதே! நீ ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் வா.