பிறவிக்கு முந்திய வாழ்வு: மார்மன் சமயத்தில் ஆன்மாவின் அநாதித்துவம்

 

இன்று நான் பேசவிருக்கும் விஷயம் இவ்வவையில் பலரும் அறிந்ததே. சில ஆண்டுகளுக்கு முன், மாணவர் ஒருவர் தம் ஆய்வேட்டில், மனிதன் பூமியில் பிறக்குமுன் இறைவனோடு ஆவியாக வாழ்ந்தான் என்னும் மார்மன் நம்பிக்கையைக் குறிக்க ‘முற்பிறவி’ என்ற சொல்லை ஆண்டிருந்தார். நான் அதன் கீழே கோடிட்டு, பொருந்தாது என்று ஓரத்தில் எழுதினேன். வாய்மொழித் தேர்வில் என் சகாக்கள் மாணவர் பக்கம் நின்றார்கள். பிறப்புக்கு முன் ஒரு வாழ்வும், அதன் நடத்தைக்கேற்ற இப்பிறப்பும், இப்பிறப்பின் நடத்தைக்கேற்ற மறுமையும் உண்டென்றால், அது நம் வினைக்கொள்கையின் மேனாட்டு உருவமேயன்றி வேறென்ன என்பது அவர்கள் வாதம். அன்று தொடங்கிய விவாதம் இன்றுவரை ஓயவில்லை. ஒரு சொல்லுக்காக இத்தனை பிடிவாதமா என்று கேட்போருக்கு, ஒரு சமயத்தாரின் ஆழ்ந்த நம்பிக்கை ஒரு பிழையான மொழிபெயர்ப்பில் முற்றிலும் மறைந்துபோகக்கூடும் என்பதே என் விடை.

1. கொள்கை

மார்மன் சபை என்று வழங்கும் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை, 1830-இல் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித்தால் நிறுவப்பட்டது. அச்சபையார் நம்பிக்கைப்படி, மனிதர் யாவரும் பரலோகப் பெற்றோரின் ஆவிப் பிள்ளைகள், உலகம் உருவாகுமுன் கூடிய பேரவையில் பிதாவின் திட்டத்தை ஏற்றுத் தம் ‘முதல் நிலை’யைக் காத்துக்கொண்டோர், பழைய நினைவை மறைக்கும் திரையைக் கடந்து, உடலெடுத்து இங்கு வருகின்றனர், அத்திட்டத்தை எதிர்த்த லூசிபரைப் பின்பற்றிய மூன்றிலொரு பங்கு ஆவிகளோ உடலே பெறாமல் தள்ளுண்டனர். உடலெடுப்பது ஒரே முறை. மரணத்துக்குப்பின் அதே உடலோடு உயிர்த்தெழுதல். பிறந்து இறந்து மீளப் பிறக்கும் சக்கரம் இதில் எங்கும் இல்லை.

ஆயினும் சகாக்களிடம் வலுவான மறுப்பு ஒன்று உண்டு. பரலோகப் பெற்றோருக்குப் பிள்ளையாவதும் ஒரு பிறவிதானே, அப்படியாயின் அது முற்பிறவியே ஆகாதா என்பர். இதற்கு விடை ஒரு மோதிரத்தில் இருக்கிறது.

2. மோதிரம்

1844 மார்ச் 9 அன்று, இல்லினாய் மாநிலத்து நாவூ நகரில், கிங் ஃபாலட் என்னும் சபையார், கிணற்றுக்குள் கல்லடுக்கும் வேலையில் இருந்தபோது, கல் நிறைந்த தொட்டி மேலே விழுந்து உயிர் நீத்தார். ஏப்ரல் 7, ஞாயிற்றுக்கிழமை, சபையின் பொது மாநாட்டில், உறவினரும் நண்பரும் வேண்டிக்கொண்டபடி, ஜோசப் ஸ்மித் அவர் பொருட்டுப் பேச எழுந்தார். திறந்த வெளி, ஆயிரக்கணக்கான மக்கள், காற்று பலமாக வீசியது. காற்று அடங்கவும் தம் நெஞ்சுக்கு வலுவுண்டாகவும் சபையோர் பிரார்த்திக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு தொடங்கி, இரண்டு மணி நேரத்துக்கும் மேலாகப் பேசினார். அதற்குப்பின் 81 நாள்களில் கார்த்தேஜ் சிறையில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார் என்பதை நினைக்கும்போது, அப்பிரசங்கம் ஒரு மரணசாசனம்போல எனக்குத் தோன்றுகிறது.

முதலில் அவர் இறைவனைப் பற்றிப் பேசினார். இறைவனும் ஒருகாலத்தில் நம்மைப்போல் மனிதராக இருந்து உயர்ந்தவர் என்றும், மனிதனும் அவ்வாறே படிப்படியாக உயரக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றும் அவர் சொன்னது, கிறிஸ்தவ உலகம் இன்றளவும் மன்னியாத கூற்று. அடுத்து, 1836-இல் கர்ட்லாந்தில் ஜோஷுவா செய்ஷஸ் என்பவரிடம் தாம் கற்ற எபிரெய மொழியின் துணைகொண்டு, ஆதியாகமத்தின் ‘பாரா’ என்னும் வினைச்சொல்லை ஆராய்ந்தார். சூனியத்திலிருந்து படைத்தல் என்பது அதன் பொருளன்று. ஒருவன் மரங்களைக் கொண்டு கப்பல் கட்டுவதுபோல், இருக்கும் பொருளை ஒழுங்குபடுத்தி அமைத்தலே அதன் பொருள் என்றார். பொருளே அநாதியாயின் ஆன்மாவின் கதி என்ன? அங்கேதான் அவர் தம் விரலிலிருந்து மோதிரத்தைக் கழற்றினார்.

ஆன்மா இம்மோதிரம் போன்றது, இதற்குத் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை என்றார். இதை வெட்டினால் தொடக்கம் உண்டாகும், தொடக்கம் உண்டான அக்கணமே முடிவும் உண்டாகும் என்றார். உபமானம் எளியது, நியாயமோ வைரம்போல் உறுதியானது. பிறந்தது எதுவும் இறக்கும். ஆதலால் இறவாதது எதுவோ அது பிறந்ததாகவும் இருக்க முடியாது. கணவனைக் கிணற்றிலே கல்லுக்குப் பறிகொடுத்த ஒரு பெண்ணுக்கு, அவன் இனியும் இருப்பான் என்று மட்டும் சொன்னால் அது ஆறுதல். அவன் என்றுமே இல்லாதிருந்ததில்லை என்று சொல்வதோ அவ்வாறுதலுக்கு ஓர் அஸ்திவாரம் இடுவதாகும். இக்கருத்து அன்று திடீரென முளைத்ததுமன்று. மனிதனின் அறிவொளி படைக்கப்பட்டதன்று, படைக்கப்படக் கூடியதுமன்று என்னும் கருத்து, 1833 மே 6 தேதியிட்ட ஜோசப் ஸ்மித்தின் வெளிப்பாட்டிலேயே இருக்கிறது.

அப்பிரசங்கத்தை வில்லர்ட் ரிச்சர்ட்ஸ், வில்ஃபர்ட் வுட்ரஃப், தாமஸ் புல்லக், வில்லியம் கிளேட்டன் ஆகிய நால்வர் குறிப்பெடுத்தனர். ஆன்மா இறைவனோடு ‘சமமானது’ என்று பதிவான இடத்தில், பிற்காலப் பதிப்பாளர் அடைப்புக்குள் ‘சமகால நித்தியமானது’ என்று சேர்த்தனர். பதிப்பாளரே தயங்கி நின்ற அளவுக்கு அக்கருத்து துணிவுடையது. ஆவிப் பிறப்புக்கும் அடியிலே பிறவாத ஒன்று இருக்கிறது என்று காட்டும் இப்பிரசங்கத்தை வைத்துக்கொண்டு, அக்கொள்கைக்குப் ‘பிறவி’ என்று முடியும் பெயரை எப்படி இடுவது? மோதிரத்தை வெட்டிவிட்டு அதற்கு மோதிரம் என்றே பெயர் சொல்வதற்கு அது ஒப்பாகும்.

3. வினைக்கணக்கு

இனி வினை. மார்மன் வேதநூல்களுள் ஒன்றான ஆபிரகாமின் புத்தகத்தில் மேன்மையான ஆவிகள் முன்னரே தலைவர்களாகத் தெரிந்துகொள்ளப்பட்டதாக வருகிறது. அது பணிக்கு அழைப்பு, பழவினையின் பயனன்று. இதை வினைக்கணக்காகப் படித்ததன் விளைவை அச்சபையே அனுபவித்தது. கறுப்பின ஆண்களுக்குக் குருத்துவம் இல்லையென்று 1852-இல் சபைத்தலைவர் பிரிகம் யங் அறிவித்த தடைக்கு, அவர்கள் முன்வாழ்வில் குறைபட நடந்ததே காரணம் என்று பின்வந்த சிலர் வியாக்கியானம் செய்தனர். தடை 1978-இல் நீங்கியது. அவ்வியாக்கியானத்தையும் 2013-இல் சபை வெளிப்படையாகக் கைவிட்டது. ஒரு மனிதனின் தோலைப் பார்த்து அவன் பழங்கணக்கை வாசிக்கத் துணிவது எங்கும் கொடுமையே. சகாக்களின் வாசிப்பு, அச்சபை வருந்தி விட்டொழித்த வாசிப்பை அறியாமலே மீண்டும் அதன்மேல் ஏற்றுகிறது.

4. எஞ்சியவை

நேரம் குறுகிவிட்டதால், வருங்கால ஆய்வுக்குச் சிலவற்றைச் சுட்டி அமைகிறேன்.

சைவ சித்தாந்தத்தோடு ஒப்பிட விரும்புவோர் வினையை விட்டு, பதி, பசு, பாசம் மூன்றும் அநாதி என்னும் இடத்தில் தொடங்குக. முத்தியிலும் உயிர் சிவமாவதில்லை. மார்மன் சமயத்திலோ பிள்ளை தந்தையின் நிலைக்கே வளர்கிறது. ஒப்புமையும் வேற்றுமையும் அங்கே அருகருகே கிடக்கின்றன.

ஆதிக் கிறிஸ்தவ இறையியலாளரான அலெக்சாந்திரியா ஓரிஜனுக்கு உடல் என்பது ஆன்மாவின் வீழ்ச்சியால் வந்த விளைவு. மார்மன்களுக்கு அது பேறு. இது தனி நூலுக்குரியது.

மார்மன் கவிஞர் எலைசா ஸ்னோவின் பாடல் 1845-இலேயே பரலோகத் தாயைப் பாடியது. அதன் செல்வாக்கை ஆராய வேண்டும். ஆதி அறிவொளிகள் தனித்தனி ஆட்களா என்பதில் மார்மன் அறிஞர் பி. எச். ராபர்ட்ஸ் முதலியோர் நடத்திய விவாதமும் தமிழில் விளக்கப்பட வேண்டும்.

கலைச்சொல்லாக ‘முன்வாழ்வு’ என்பதை முன்மொழிகிறேன். எல்லாவற்றுக்கும் முன்பாக, கிங் ஃபாலட் பிரசங்கத்தைப் பதிவு செய்த அந்நால்வரின் குறிப்புகளையும் பக்கத்துக்குப் பக்கம் வைத்துத் தமிழாக்கித் தருவார் ஒருவர் வேண்டும். அன்று நான் கோடிட்ட அம்மாணவரே அதைச் செய்ய முன்வந்தால், என்னிடமுள்ள குறிப்பேடுகள் யாவும் அவருக்கே உரியன.