கல்லீரலைக் கடந்து செல்லும் வழி



மருந்துச் சீட்டிலுள்ள 'உணவுடன் உட்கொள்க' என்னும் தொடரை, வயிற்றெரிச்சலைத் தவிர்க்கும் அறிவுரையாகவே பலரும் கொள்கின்றனர். சில மருந்துகளுக்கோ அத்தொடரைப் புறக்கணித்தால் மருந்தே பயனற்றுப் போகும். டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஸ்டீராய்டைக் கொண்டு இதனை விளக்க விழைகிறேன்.

இந்த இயக்குநீரைப் பூட்டெனான்ட், ருசிக்கா ஆகிய அறிஞர்கள் 1935ஆம் ஆண்டு தனித்தனியே ஆய்வகத்தில் உருவாக்கினர். 1939ஆம் ஆண்டின் வேதியியல் நோபெல் பரிசு அவ்விருவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. ஆயினும், அதனை வாய்வழி உட்கொண்டால் பயன் மிகக் குறைவு. குடற்சுவர் அதனை ஏற்க மறுப்பதன்று காரணம். கொழுப்பில் கரையும் பொருளாதலின் அச்சுவரை அது எளிதில் கடக்கிறது. ஆனால், குடலிலிருந்து செல்லும் குருதி முதலில் கல்லீரலை அடைகிறது. அங்கே அதன் பெரும்பகுதி சிதைக்கப்படுகிறது.

வேதியியலார் கண்ட ஒரு வழி, மூலக்கூற்றின் 17ஆம் கார்பன் அணுவில் மெத்தில் தொகுதியைச் சேர்ப்பது. சிதைவு குறைந்தது, கல்லீரலுக்குத் தீங்கு விளையும் அச்சமோ பிறந்தது.

மற்றொரு வழி, 11 கார்பன் அணுக்களுடைய கொழுப்பமிலம் ஒன்றை அதனோடு பிணைப்பது. கொழுப்பில் கரையும் தன்மை இதனால் மிகுகிறது. உணவிலுள்ள கொழுப்பு, பித்தப்பையைச் சுருங்கச் செய்கிறது. வெளிப்படும் பித்தநீர் கொழுப்பையும் மருந்தையும் நுண்துளிகளாகப் பிரிக்கிறது. குடற்செல்கள் மருந்தின் ஒரு பகுதியைக் கைலோமைக்ரான் என்னும் கொழுப்புப் பொதிகளில் ஏற்றி நிணநீர் நாளங்களுள் விடுகின்றன. நிணநீர் கல்லீரலுக்குள் நுழையாமல் மார்பு வழியே ஏறி, கழுத்தின் அடியில் இடப்புறச் சிரையில் கலக்கிறது. வெறும் வயிற்றில் இப்பொதிகள் போதிய அளவு உருவாவதில்லை. மருந்தும் ஏறக்குறைய வீணாகிறது.

ஆகவே, 'கொழுப்பில் கரைதிறன் கூடினால் உறிஞ்சலும் கூடும்' என்று மட்டும் கற்பிப்பது நிறைவாகாது. குடலினுள் இருப்பது நீர்மம். அதில் கரையாத பொருளுக்கு எண்ணெயும் பித்தநீரும் துணை நிற்க வேண்டும். புரோஜெஸ்டிரோனை நுண்துகளாக்கி எண்ணெயில் கலந்து மாத்திரையுறையில் அடைப்பதும் இதன்பொருட்டே.

இங்கேதான் மொழியின் கடமை தொடங்குகிறது. 'உணவுக்குப் பின்' என்று எழுதினால், பாலில்லாக் காப்பியும் வெறும் ரொட்டியும் உண்டவர் தாம் விதியைக் காத்ததாகவே எண்ணுவார். 'கொழுப்புள்ள உணவோடு' என்பதே அவருக்கு உரிய தமிழ். அறிவியலைத் தமிழிற் சொல்ல விழையும் மாணவர்கள், கலைச்சொல்லை மட்டுமன்றி அதன் காரணத்தையும் கற்க வேண்டும். காரணம் அறிந்தவர் எழுதும் ஒரு சொல், ஒரு நோயாளியின் மருந்தைப் பயன்தரச் செய்யும்.