இளகவேண்டியது யாருடைய மனம்?

(மாணவர் வாசிப்பு வட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



'உள்ளத்தில் இறையாட்சி, இளகிய மனம்' பற்றிப் பேசப்போகிறேன் என்றதும், "சாதி ஒழிப்பு மேடையில் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம் எதற்கு?" என்று ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்விதான். தமிழ்நாட்டுத் திருச்சபைகளில் சாதிப் பிரச்சினை வெடிக்கும்போது முதலில் கையில் எடுக்கப்படுவது இந்த இரண்டு சொற்கள்தான் என்பதால்தான் பேசுகிறேன். கல்லறையில் சுவர் வேண்டாம், தேர் எங்கள் தெருவுக்கும் வரட்டும், பங்குப்பேரவையில் எங்களுக்கும் இடம் கொடுங்கள் என்று தலித் கிறித்தவர்கள் கேட்கிறார்கள். 'இதெல்லாம் உத்தரவு போட்டு வருமா? மனம் மாறவேண்டும். இறையாட்சி உள்ளத்தில் அல்லவா தொடங்குகிறது' என்று பதில் வருகிறது. கூடவே, கேட்டவரைப் பார்த்தே 'கோபத்தை விடுங்கள், மன்னியுங்கள்' என்றும் சொல்லிவிடுகிறார்கள். சுவர் கட்டியவரின் மனம் மாற எத்தனை தலைமுறை ஆனாலும் காத்திருக்கலாம். ஆனால் சுவருக்கு இந்தப் பக்கம் இருப்பவர் மனம் மட்டும் இன்றைக்கே இளகிவிட வேண்டும்.

அந்தச் சொற்களைப் பிரசங்கிகளிடமே விட்டுவிட எனக்கு விருப்பமில்லை. அவை பைபிளில் என்ன செய்கின்றன என்று பார்ப்போம்.

லூக்கா 17ஆம் அதிகாரம், 21ஆம் வசனம். இறையாட்சி எப்போது வரும் என்று பரிசேயர்கள் கேட்க, இயேசு பதில் சொல்கிறார். சீர்திருத்தச் சபைகள் வாசிக்கும் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் அது 'உங்களுக்குள்' இருக்கிறது. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் 'உங்கள் நடுவே' இருக்கிறது. கிரேக்க மூலத்தில் உள்ள 'என்டோஸ்' என்ற சொல் இரண்டுக்கும் இடம் கொடுப்பதால் அறிஞர்கள் இன்னும் வாதாடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால் அதையடுத்து வரும் 'உங்கள்' பற்றி வாதமே இல்லை. அது பன்மை. தமிழில் மரியாதைக்காக ஒருவரையும் 'உங்கள்' என்போம் இல்லையா, அதனால் ஜெபக்கூட்டத்தில் இந்த வசனத்தைக் கேட்கும் ஒவ்வொருவரும் 'என் ஒருத்தன் நெஞ்சுக்குள்' என்று எடுத்துக்கொள்கிறார்கள். இயேசு பேசியது ஒரு கூட்டத்திடம். அதுவும் தம்மை ஏற்றுக்கொள்ளாத கூட்டத்திடம். தனிமனித நெஞ்சின் இனிய அனுபவம் என்று இந்த வசனத்தைச் சுருக்குவதற்கு அங்கே ஆதாரம் குறைவு.

சரி, 'உங்களுக்குள்' என்றே வைத்துக்கொள்வோம். உள்ளே வரும் ஆட்சி அங்கே என்ன செய்யும்? 'இளகிய மனம்' என்ற பேச்சுக்குக் கிறித்தவத்தில் வேர் எசேக்கியேல் 36ஆம் அதிகாரம். பாபிலோனுக்கு நாடுகடத்தப்பட்ட மக்களிடம், கல் இதயத்தை எடுத்துவிட்டுச் சதையாலான இதயத்தைத் தருவதாகக் கடவுள் வாக்களிக்கிறார். இந்தப் படத்தைப் பிரசங்கிகள் மிகவும் விரும்புவார்கள். ஆனால் பெரும்பாலும் அதோடு புத்தகத்தை மூடிவிடுவார்கள். நான்கு வசனம் தள்ளிப் படித்தால் நிலம் வருகிறது, தானியம் வருகிறது, மரத்தின் கனி வருகிறது, இடிந்த ஊர்கள் மறுபடி கட்டப்படுகின்றன. புது இதயமும் நிலமும் ஒரே மூச்சில் பேசப்படுகின்றன. இதயத்தை மட்டும் தனியாக வெட்டி எடுத்து வைத்தது பிற்கால வாசிப்பு.

இரக்கம் என்ற சொல்லுக்கு வருகிறேன். எனக்கு இதில் ஆர்வம் அதிகம், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். எபிரேயத்தில் இரக்கத்தைக் குறிக்கும் 'ரஹமீம்', கருப்பையைக் குறிக்கும் 'ரெஹெம்' என்ற சொல்லோடு வேரால் சேர்ந்தது. நற்செய்தி நூல்களில் இயேசு இரங்கினார் என்று வரும் இடங்களில் உள்ள கிரேக்க வினைச்சொல் 'ஸ்ப்ளாங்னா' என்பதிலிருந்து பிறந்தது. அதற்குக் குடல், உள்ளுறுப்புகள் என்று பொருள். பழைய தமிழ் மொழிபெயர்ப்பு அதை 'மனதுருகி' என்றது, திருவிவிலியம் 'பரிவு' என்றது. இரண்டும் நல்ல தமிழ்தான். ஆனால் பிள்ளையைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது என்று கேட்டதும் நம் வீட்டுப் பெண்கள் 'வயித்தப் பெசையுது' என்பார்களே, கிரேக்கச் சொல்லுக்கு அதுதான் கிட்டத்தில் வரும். அது அமைதியாக உட்கார்ந்து வளர்த்துக்கொள்ளும் குணமல்ல. உடம்பு முந்திக்கொண்டு பதறுவது.

லூக்கா 10இல் வரும் நல்ல சமாரியர் கதையில் இந்தச் சொல்தான் திருப்பம். அடிபட்டு, குற்றுயிராக வழியில் கிடப்பவனைக் குருவும் லேவியனும் பார்த்தும் விலகிப் போகிறார்கள். ஏன் போனார்கள் என்று கதை சொல்லவில்லை. பிணத்தைத் தொட்டால் குருவுக்குத் தீட்டு என்ற லேவியராகமம் 21ஆம் அதிகாரத்தைச் சில விளக்கவுரையாளர்கள் காட்டுகிறார்கள், சிலர் மறுக்கிறார்கள். அடுத்து வருபவன் சமாரியன். யூதர்கள் அவனோடு புழங்கமாட்டார்கள் என்று யோவான் நற்செய்தியே சொல்கிறது. அவன் வயிறுதான் பதறுகிறது. பதறியதும் அவன் செய்தவற்றை லூக்கா ஒவ்வொன்றாகச் சொல்கிறார்: காயத்தில் எண்ணெயும் திராட்சை மதுவும் வார்க்கிறான், கட்டுகிறான், தன் விலங்கின்மேல் ஏற்றுகிறான், சத்திரத்தில் இரண்டு தெனாரியம் கொடுக்கிறான். மத்தேயுவில் வரும் கணக்குப்படி அது இரண்டு நாள் கூலி. மேலே செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்கிறான். தொடுதலும் பணமும் இல்லாத இரக்கம் இந்தக் கதையில் இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மாற்கு முதல் அதிகாரத்தில் தொழுநோயாளி ஒருவர் இயேசுவிடம் வருகிறார். பெரும்பாலான கையெழுத்துப் படிகளில் இயேசு மனமிரங்கி அவரைத் தொட்டார் என்று இருக்கிறது. பேசா என்று அழைக்கப்படும் பழைய படியில் 'இரங்கி' இருக்கவேண்டிய இடத்தில் 'சினந்து' என்று இருக்கிறது. அதுவே மூலம், படியெடுத்தவர்கள் சங்கடப்பட்டு மாற்றிவிட்டார்கள் என்று கருதும் அறிஞர்கள் உண்டு. எது மூலமாக இருந்தாலும் எனக்குச் சம்மதம். ஊருக்கு வெளியே ஒரு மனிதனை நிறுத்தி வைத்திருப்பதைப் பார்க்கும்போது இரக்கமும் கோபமும் ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன. 'கோபப்படாதீர்கள்' என்று நமக்குச் சொல்பவர்களுக்கு அந்தப் படியை ஒருமுறை காட்டலாம்.

இனி நம் ஊருக்கு வருகிறேன். என் ஆய்வு பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கிறித்தவம் பற்றியது. அதில் எனக்குத் திரும்பத் திரும்பத் தொல்லை தரும் பெயர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864). 'பெத்லகேம் குறவஞ்சி' எழுதியவர். அவருடைய கீர்த்தனைகளை இன்றும் தேவாலயங்களில் கண்ணீர் மல்கப் பாடுகிறார்கள். இளகிய மனத்துக்குத் தமிழில் மொழி கொடுத்த முன்னோடிகளில் ஒருவர் என்று தயங்காமல் சொல்வேன். அதே சாஸ்திரியார் 1820களின் இறுதியில், தேவாலயத்தில் எல்லாச் சாதியாரும் சேர்ந்து உட்காரவேண்டும் என்று புதிய மிஷனரிகள் வற்புறுத்தியபோது, வெள்ளாளக் கிறித்தவர்கள் பக்கம் நின்று எதிர்த்து எழுதினார். அவர்கள் தரப்பு வாதம் இதுதான்: தனித்தனியாக உட்காருவது உலக வழக்கம், விசுவாசத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 1833இல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன், திருச்சபைக்குள் சாதியை விட்டொழிக்கவேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். ஏற்க மறுத்துப் பலர் சபையை விட்டே விலகினார்கள்.

சாஸ்திரியார் பொய்யாக உருகினார் என்று சொல்ல நான் தயாரில்லை. அப்படிச் சொன்னால் நம் வேலை சுலபமாகிவிடும். அவர் உண்மையாகவே உருகியிருப்பார். கடவுள் ஆள்வது உள்ளே, பாய் விரிப்பது வெளியே என்று எல்லை பிரித்துவிட்டால் ஒரே ஆளால் இரண்டையும் மனச்சாட்சி குத்தாமல் செய்ய முடியும். 'உள்ளத்தில் இறையாட்சி' என்பதைத் தனிமனித நெஞ்சுக்குள் பூட்டிவைப்பதன் பயன் அது. மனம் மாறினால் சாதி போய்விடும் என்கிறவர்களிடம் நான் கேட்பது இதைத்தான்: இவ்வளவு இளகிய மனத்தால் ஏன் ஒரு பாயைப் பகிர முடியவில்லை?

எதிர்த் திசையில் வடக்கன்குளம் இருக்கிறது. திருநெல்வேலிப் பகுதியில் உள்ள இந்தக் கத்தோலிக்க ஊரில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில், சாதிக்கொரு பக்கமாக இரண்டு கூடங்கள் வைத்து, பீடத்தில் மட்டும் சேரும்படி கோயில் கட்டினார்கள். கால்சட்டை வடிவம் என்று கேலியாகச் சொல்வதுண்டு. 1910இல் பிரெஞ்சு இயேசுசபைக் குரு கௌசானல் நடுவிலிருந்த தடுப்பை எடுத்துவிட்டார். ஆதிக்க சாதியினர் நீதிமன்றம் போனார்கள், தோற்றார்கள். யாருடைய மனமும் இளகும்வரை அந்தத் தடுப்பு காத்திருக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். அத்தோடு சிக்கல் தீர்ந்ததா என்றால் இல்லை. 2008இல், அன்றைய விழுப்புரம் மாவட்டத்தின் எறையூரில், தலித் கத்தோலிக்கர்கள் தனிப் பங்கு கேட்டதை ஒட்டி நடந்த வன்முறையும் துப்பாக்கிச் சூடும் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும்.

அரசின் நிலையோ இன்னும் வேடிக்கை. 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கு மட்டும் என்றது. 1956இல் சீக்கியர்களும் 1990இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள், கிறித்தவரும் முஸ்லிமும் வெளியே நிற்கிறார்கள். கிறித்தவத்தில் சாதி இல்லை என்பது வாதம். ஞானஸ்நானம் எடுத்தால் மறுநாளே ஊரார் மனம் மாறிவிடும் என்று பாதிரியாரை விட அரசு அதிகமாக நம்புகிறது.

மனமாற்றம் பற்றிய இந்தச் சண்டை கிறித்தவத்துக்குள் மட்டும் நடக்கவில்லை. லூக்காவின் அந்த வசனத்தையே தலைப்பாக்கி டால்ஸ்டாய் எழுதிய நூல் 1894இல் வந்தது. தென்னாப்பிரிக்காவில் அதைப் படித்துக் காந்தி ஆழமாகப் பாதிக்கப்பட்டார். 1932இல் பூனா ஒப்பந்தத்துக்குப் பிறகு தீண்டாமை ஒழிப்புக்கென அமைப்பு தொடங்கியபோது, சாதி இந்துக்களின் மனமாற்றத்தை நம்பியே அது நடைபோட்டது. பிறகு ஹரிஜன் சேவக் சங்கம் ஆனது அதுதான். அந்த ஆண்டு நவம்பரில் ஏ.வி. தக்கருக்கு எழுதிய கடிதத்தில் அம்பேத்கர் வேறு பாதையைச் சொன்னார்: கிணறு, பள்ளிக்கூடம், பொதுவழி ஆகிய உரிமைகளுக்காக ஊர் ஊராகப் போராட வேண்டும், பழக்கத்தில் ஊறியவன் நெருக்கடி வந்தால்தான் யோசிக்கத் தொடங்குவான். அவர் யோசனையை அந்த அமைப்பு எடுத்துக்கொள்ளவில்லை. இதைச் சொல்லும்போது சில தோழர்கள் அம்பேத்கரை இரக்கத்துக்கு எதிரியாக்கிவிடுகிறார்கள். அதுவும் தப்பு. 1957இல் வெளிவந்த 'புத்தரும் அவர் தம்மமும்' நூலில் கருணைக்கும் மைத்ரிக்கும் அவர் தந்திருக்கும் இடத்தைப் பாருங்கள். கிணற்று உரிமையைத் தள்ளிப்போடும் சாக்காக இரக்கத்தைப் பயன்படுத்துவதைத்தான் அவர் ஏற்கவில்லை.

கடைசியாக ஒரு பெண்ணைப் பற்றி. மாற்கு 7ஆம் அதிகாரத்தில் தீர் நகர்ப் பகுதியில், சிரியப் பெனிசிய இனத்துப் பெண் ஒருத்தி தன் மகளுக்காக இயேசுவின் காலில் வந்து விழுகிறாள். பிள்ளைகளின் அப்பத்தை நாய்களுக்குப் போடுவது சரியல்ல என்கிறார் இயேசு. அந்தச் சொல் நம் ஊரில் யார் வாயிலிருந்து யாரை நோக்கி வரும் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. இந்தப் பகுதியை மழுப்பி விளக்கும் உரைகள் எனக்குப் பிடிப்பதில்லை. அவள் அழுதுகொண்டு திரும்பவில்லை. மேசைக்குக் கீழே இருக்கும் நாய்களும் பிள்ளைகள் சிந்தியதைத் தின்னுமே என்று, அவர் சொன்ன உவமையையே எடுத்து அவரிடம் வாதிடுகிறாள். இயேசு தாம் சொன்னதிலிருந்து இறங்கி வருகிறார். மகள் குணமாகிறாள். இளகியது அவருடைய மனம். இளக வைத்தது அவளுடைய வாய்.

மத்தேயுவும் இதே கதையைச் சொல்கிறார். அங்கே சீடர்கள், இவள் கத்திக்கொண்டே பின்னால் வருகிறாள், அனுப்பிவிடும் என்கிறார்கள். கடைசியில் இயேசு அவளுடைய விசுவாசத்தைப் பாராட்டுகிறார். மாற்கில் விசுவாசம் என்ற சொல்லே இல்லை. அவள் பேசிய பேச்சுக்காகவே மகள் குணமானாள் என்றுதான் இருக்கிறது. நான் கேட்ட பிரசங்கங்களில் பெரும்பாலும் மத்தேயுவின் பெண்தான் வந்திருக்கிறாள்.

நேரமாகிவிட்டது. கேள்விகள் இருந்தால் பேசலாம்.