நம் மாவட்டத்து மாதரும் மருத்துவ ஆராய்ச்சியும்

(நமது சங்கத்தின் திண்டுக்கல் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நமது செயலாளர் அவர்கள் இம்மாதம் பேசுமாறு எம்மைப் பணித்தபோது, வழக்கம்போல் இலக்கியப் பொருள் ஒன்றை யாம் எடுத்துக்கொள்வோமென்றே எண்ணியிருப்பார்கள். மருத்துவ ஆராய்ச்சி பற்றிப் பேசப்போகிறோம் என்றதும், "புலவருக்கு அதில் என்ன வேலை?" என்று நகைத்தார்கள். அவ்வினா நியாயமானதே. யாம் மருத்துவரல்லோம். கற்றறிந்த மருத்துவர் எழுதிய கட்டுரைகளை அகராதியைக் கையில் வைத்துக்கொண்டு படித்தறிந்தவரே. ஆயினும், இவ்வாராய்ச்சி நிகழ்ந்தது சீமையிலன்று, நம் திண்டுக்கல் மாவட்டத்துச் சிற்றூர்களில். இதனைத் தொலைநாட்டு மருத்துவர்களும் அறிவர். நம்மூரார் பெரும்பாலோர் அறியார். இந்நிலை பொருந்தாது என்றே இப்பொருளை எடுத்தோம்.

பொருள் சிறிது கூச்சத்திற்குரியது. பெரியோர்கள் பொறுத்தருள வேண்டும். கருப்பைவாயில் உண்டாகும் புற்றுநோயே அது. நம் பாட்டிமார் காலத்தில் இதனைப் பெரும்பாடு என்றும், வயிற்றுக்கட்டி என்றும், தெய்வக்குற்றம் என்றும் பலவாறு கூறி மறைத்தனர். இந்நோயின் காரணத்தை ஜெர்மனி நாட்டு ஹரால்டு சுர் ஹவுசன் என்னும் அறிஞர் ஆராய்ந்து வெளிப்படுத்தி, அதற்காக 2008இல் நோபல் பரிசு பெற்றார். பாப்பிலோமா என்னும் வைரஸ் இனத்திற் சில வகைகளே காரணம். மணவாழ்க்கையிற் புகுந்த பெரும்பாலோரை இக்கிருமி எப்போதேனும் தீண்டுகிறது. பலரிடத்தில் ஓரிரண்டு ஆண்டுகளில் தானே அகன்றுவிடுகிறது. ஒரு சிலரிடத்தில் மட்டும் நீங்காது தங்கி, கருப்பைவாயின் மேற்றோலை மெல்ல மெல்லத் திரிக்கிறது. அத்திரிபு புற்றாக முற்றுதற்குப் பெரும்பாலும் பத்தாண்டோ அதற்கு மேலோ செல்லும். ஆகலின் இந்நோய் எவர் ஒழுக்கத்தின்மீதும் பழிசுமத்தும் சான்றாகாது என்பதை ஆடவர் முதலில் மனத்திற் கொள்ள வேண்டும். அப்பத்தாண்டு இடைவெளியில் நோயை முளையிலேயே கண்டு கிள்ளியெறியலாம் என்பதை அனைவரும் அறிய வேண்டும்.

கண்டுகொள்வது எங்ஙனம்? கிரேக்க நாட்டிற் பிறந்து அமெரிக்காவிற் பணியாற்றிய பாப்பனிகொலா என்பார், கருப்பைவாயிலிருந்து சிறிது கசிவை வழித்தெடுத்து நுண்ணோக்கியில் ஆராயும் முறையை 1941ஆம் ஆண்டளவில் நிலைநாட்டினார். செல்வநாடுகள் பல அதனை மேற்கொண்டு இந்நோயை வெகுவாகக் குறைத்தன. ஆனால் அதற்கு ஆய்வுக்கூடம் வேண்டும். பயின்ற கண்கள் வேண்டும். முடிவு வரும்வரை காத்திருந்து மீண்டும் வரும் பெண் வேண்டும். வேடசந்தூர்ப் பக்கத்து வயல்களிலும் ஒட்டன்சத்திரத்துக் காய்கறித் தோட்டங்களிலும் நாட்கூலிக்குச் செல்லும் ஒருத்தி, ஒருநாட் கூலியை இழந்து வருவதே அரிது. மறுமுறை வருவாளா?

எளிய வழி ஒன்றை மருத்துவர் நாடினர். காடிக்குப் புளிப்பைத் தருவது அசிட்டிக் அமிலம். அதனை நூற்றுக்கு நான்கு பங்காக நீரிற் கலந்து கருப்பைவாயில் தடவி ஒரு நிமிடம் பொறுத்து நல்ல வெளிச்சத்திற் பார்த்தால், திரிபடைந்த இடம் வெளுத்துத் தோன்றும். நலமான இடம் தன் நிறம் மாறாது. பயிற்சி பெற்ற செவிலியே இதனைக் காணலாம். செலவும் மிகச் சிறிது. ஆனால் வெளுப்பைக் காண்பது வேறு. அதனாற் சாவு குறையும் என்று நிறுவுவது வேறு. காட்டித் தந்தால் மட்டும் போதாது, கணக்காற் காட்ட வேண்டும் என்பதே ஆராய்ச்சியாளர் கொள்கை.

அக்கணக்கைப் போட்ட இடமே நம் மாவட்டம். ஒட்டன்சத்திரத்தை அடுத்த அம்பிளிக்கையிலுள்ள கிறிஸ்தவ ஐக்கிய சமுதாய சுகாதார நிலையத்தாரும், சென்னை அடையாற்றுப் புற்றுநோய் நிறுவனத்தாரும், பிரான்சு நாட்டு லியோன் நகரிலுள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையைச் சார்ந்த டாக்டர் சங்கரநாராயணன் முதலியோரும் கூடி 2000இல் இதனைத் தொடங்கினர். (அடையாற்று நிறுவனம், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரத்தினின்று எண்ணி, 1954இல் உருவாக்கியது என்பதை இங்குள்ள தாய்மார் அறிந்திருத்தல் நன்று.)

மாவட்டத்தின் ஊர்கள் 114 தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டன. அவற்றுள் 57 தொகுதிகளிற் செவிலியர் சென்று 30 முதல் 59 வயதுவரையுள்ள மாதரைச் சோதிப்பது, ஏனைய 57இல் அன்றுவரை இருந்த மருத்துவ வசதி எதுவோ அதனையே விட்டுவைப்பது என்பது ஏற்பாடு. எந்த ஊர் எப்பக்கம் என்பதை மருத்துவர் தம் விருப்பப்படி தேர்ந்தாரிலர். திருவுளச்சீட்டுப் போன்றதொரு முறையால் தீர்த்தனர். உத்தரமேரூர்க் கல்வெட்டிற் காணும் குடவோலை முறையை யாம் வகுப்பில் நடத்தும்போதெல்லாம், ஓலையெடுக்கும் சிறுவனுக்கு எந்தப் பெயரும் தெரியாதிருத்தலே அம்முறையின் நேர்மை என்று சொல்லுவதுண்டு. இங்கும் அதுவே. தேர்ந்தெடுப்பவர் மனச்சாய்வு புகுந்தால், நல்ல ஊர்கள் ஒருபக்கம் சேர்ந்துவிடும். பின்பு வரும் வேற்றுமை சோதனையால் வந்ததோ ஊரால் வந்ததோ என்று பிரித்தறிய முடியாது.

சோதிக்கப்பெற வேண்டிய மாதர் 49,311 பேர். 2003 வரையில் முன்வந்தவர் 31,343 பேர். நூற்றுக்கு அறுபத்துமூவர்க்குச் சிறிது மேல். அவருள் 3,088 பேரிடத்தில் வெளுப்புக் காணப்பட்டது. அவர்களுட் பெரும்பாலோர்க்கு உருப்பெருக்கிக் கருவியால் மீண்டும் நோக்கி, வேண்டுமிடத்துச் சிறு துணுக்கெடுத்து ஆராய்ந்தனர். தக்கவர்க்குக் குளிர்வாயுவால் அவ்விடத்தை உறையச்செய்து அழிக்கும் சிகிச்சையைச் செவிலியரே அன்றே, அவ்விடத்திலேயே செய்து அனுப்பினர். எம் சிந்தையைக் கவர்ந்த பகுதி இதுவே. கூலிக்காரப் பெண் மறுமுறை வரமாட்டாள் என்பதை இவ்வாராய்ச்சியை வகுத்தோர் உணர்ந்திருந்தனர். அவளுக்கேற்ப மருத்துவத்தை வளைத்தனர். புற்றுக்கு முந்திய திரிபு காணப்பட்டோர் 1,874 பேரில், நூற்றுக்கு 72 பேர் சிகிச்சை பெற்றனர்.

2006 வரை இருதிறத்தாரையும் கண்காணித்து, 2007இல் லண்டனிலிருந்து வெளிவரும் லான்செட் என்னும் மருத்துவ இதழில் முடிவை வெளியிட்டனர். சோதனை நடந்த ஊர்களில் இந்நோயால் இறந்தோர் 83 பேர்; மற்ற ஊர்களில் 92 பேர். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகத் தோன்றும். ஆனால் முன்னதிற் கண்காணிக்கப்பட்ட மாதர் மிகுதி, பின்னதிற் குறைவு. இலட்சம் மாதரை ஓராண்டு கண்காணித்ததாகக் கணக்கிட்டால், முன்னதில் ஏறக்குறைய 30 சாவு, பின்னதில் 51. வயது முதலிய வேற்றுமைகளை நேர்செய்து பார்த்தபோது, சாவு நூற்றுக்கு 35 பங்கும், நோய் தோன்றுதல் 25 பங்கும் குறைந்தன என்று கண்டனர். முப்பது முதல் முப்பத்தொன்பது வயதுடையோரிடத்தில் சாவு மூன்றில் ஒரு பங்காக இறங்கியது. வாழ்நாளில் ஒரேயொரு முறை செய்த சோதனையின் பயன் இது.

இனி எம் வீட்டுச் செய்தி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சோதனைக்கு அழைக்கப்பட்டும் வாராதிருந்தோர் பதினெண்ணாயிரம் பேருக்குச் சற்றுக் குறைவு. அவர்கள் ஏன் வரவில்லை என்பதற்கு ஒரு விடை எம்மிடமே உண்டு. 2001ஆம் ஆண்டு சித்திரை மாதத்து நண்பகலில், யாம் எம் ஊர்த் திண்ணையில் நன்னூலை விரித்து வைத்துக்கொண்டு தேர்வுக்குப் படித்திருந்தோம். வெண்புடைவை உடுத்த இரு பெண்கள் வந்து, "வீட்டில் முப்பது வயதுக்கு மேற்பட்ட அம்மாமார் யார் யார் இருக்கிறார்கள், தம்பி?" என்று கேட்டனர். யாம் வாய்திறக்குமுன் எம் அப்பத்தா உள்ளிருந்து வந்து, "எங்க வீட்டுப் பொம்பளைகளுக்கு அப்படிக் கேடு ஒன்றுமில்லை, போய் வாருங்கள்" என்று அனுப்பிவிட்டார். எம் சின்னம்மா கதவுக்குப் பின்னே நின்றுகொண்டிருந்தார். அவருக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. வந்தவர்கள் சீட்டொன்றைத் திண்ணையில் வைத்துச் சென்றனர். அதனை யாம் நன்னூலுக்குள் அடையாளமாகச் செருகி வைத்தோம்.

2009இல் சின்னம்மாவுக்கு உதிரப்போக்கு நிற்கவில்லை. மதுரைக்குக் கொண்டுசென்றபோது நோய் முற்றியிருந்தது. இரண்டாண்டு துன்புற்று மறைந்தார். ஊரார்க்கு வயிற்றுக்கட்டி என்று சொன்னோம். அந்நாளில் அவர் சோதனைக்குச் சென்றிருந்தால் நிச்சயமாகப் பிழைத்திருப்பார் என்று எவராலும் கூறமுடியாது. மேலே கூறிய கணக்கே அத்தகைய உறுதியை அளிக்கவில்லை. ஆயினும் அப்பத்தாவைக் குறைகூற எமக்கு உரிமையில்லை. அவர் எழுத்தறியாதவர். எழுத்தறிந்த இருபது வயதினர் திண்ணையிலேயே அமர்ந்திருந்தோம், அச்சீட்டைப் படிக்கவுமில்லை.

அடுத்துச் சொல்லவேண்டுவது இன்னும் கடினமானது. சோதனை செய்யாது விடப்பட்ட 57 தொகுதிகளில் இறந்த 92 பெண்கள் யார்? அவர்களும் நம் மாவட்டத்தாரே. செல்வநாட்டில் இந்நோயைத் தடுக்கும் முறை முன்னரே இருக்க, இந்திய ஏழைப் பெண்களிற் பாதிப்பேரைச் சோதிக்காமல் விட்டுச் சாவைக் கணக்கிட்டது அறமாகுமா என்று மருத்துவ அறநெறி பேசுவோர் சிலர் பிற்காலத்தில் வன்மையாகக் கேட்டனர். இக்காடிச் சோதனை உயிர்காக்கும் என்பது அன்று நிறுவப்படவில்லை, இந்நாட்டுச் சிற்றூர்களில் எவ்விதச் சோதனையும் வழக்கில் இல்லை, ஒப்பிட்டுப் பாராமல் அரசினரை இணங்கச்செய்ய இயலாது என்பது மற்றொரு சாராரின் மறுமொழி. இரண்டையும் யாம் பன்முறை எண்ணிப் பார்த்தோம். மறுமொழியில் நியாயம் உண்டு, கேள்வியிலும் உண்டு. எம் மனம் எதிலும் முழுதும் அமையவில்லை. அப்பெண்களின் பெயர் எந்த நூலிலும் இல்லை. எண்ணாக மட்டுமே நிற்கிறார்கள். அவ்வெண்ணின்றி இவ்வுண்மை வெளிப்பட்டிராது.

அவ்வுண்மை வீணாகவில்லை. 2007இல் தமிழ்நாட்டரசினர் தேனி, தஞ்சை மாவட்டங்களிற் கருப்பைவாய்ச் சோதனையை முன்னோட்டமாகத் தொடங்கிப் பின்பு மாநிலமெங்கும் விரித்தனர். மகாராஷ்டிரத்தில், அந்நாளில் உஸ்மானாபாத் எனப்பட்ட மாவட்டத்தில் 1,31,746 மாதரிடத்து நடந்த மற்றோர் ஆராய்ச்சி, வைரஸையே நேரே கண்டறியும் சோதனை ஒருமுறை செய்தாற் சாவு ஏறத்தாழப் பாதியாகும் என 2009இற் காட்டியது. உலக சுகாதார நிறுவனம் இன்று அவ்வகைச் சோதனையையே சிறந்ததெனக் கூறுகிறது. அது கிடைக்காத இடங்களிற் காடிச் சோதனை இன்னும் பயன்படுகிறது.

தடுப்பூசியிலும் அம்பிளிக்கைக்குப் பங்குண்டு. 2009 செப்டம்பரில் இந்தியாவின் பல இடங்களில், இரண்டு ஊசி போதுமா, மூன்று வேண்டுமா என்று அறிய ஓர் ஆராய்ச்சி தொடங்கினர்; அம்பிளிக்கையும் அவ்விடங்களுள் ஒன்று. வேறொரு தடுப்பூசித் திட்டத்தைப் பற்றி எழுந்த கூக்குரலால் 2010 ஏப்ரலில் அரசினர் ஊசிபோடுதலை நிறுத்தினர். அதனால் ஏறத்தாழ ஐயாயிரம் சிறுமியர் ஒரே ஊசியோடு நின்றுபோயினர். ஆராய்ச்சியாளர் அவர்களைக் கைவிடாது பத்தாண்டு வரை கண்காணித்தனர். ஓர் ஊசி பெற்றோரும் மூன்று ஊசி பெற்றோரைப் போலவே, நோய்க்கு முதற்காரணமான இரு வகை வைரஸ்கள் நிலைத்துத் தங்காவாறு காக்கப்பட்டனர் என 2021இல் வெளியிட்டனர். 2022 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் சிறுமியர்க்கு ஓர் ஊசியும் போதுமென இசைவு தந்ததற்கு இதுவும் ஒரு சான்று. நின்றுபோன வேலையிலிருந்தும் பயன் விளைந்தது; உழுத நிலத்தில் மழை பொய்த்தும் கொள்ளு முளைத்தாற்போல.

ஆனால் சோதிப்பார் இருந்தும் செல்வார் இலர். 2019 முதல் 2021 வரை எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 30 முதல் 49 வயதுள்ள பெண்களுள் எப்போதேனும் ஒருமுறை இச்சோதனை செய்துகொண்டோர் நூற்றுக்குப் பதின்மருக்கும் குறைவு. இந்திய நாடு முழுதும் சேர்த்துப் பார்த்தால் இருவர்கூட இல்லை. அதனால் நாம் முன்னணியில் இருப்பதாகப் பெருமை பேசுவாரும் உளர். உலகிற்குப் பாடம் கற்பித்த மாவட்டத்தார்க்கு அப்பெருமை அழகன்று.

அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இச்சோதனையைக் கட்டணமின்றிச் செய்கிறார்கள். பெண் செவிலியரே செய்வர். சில நிமிடங்களே ஆகும். வெளுப்பு என்றாற் புற்று என்று பொருளன்று. மேலே ஆராய வேண்டும் என்றே பொருள். இதனை வீட்டில் யார் சொல்வது என்று தயங்கும் ஆடவர், இச்சங்க இதழை மேசைமேல் விரித்து வைத்துவிட்டு வெளியே சென்றாலும் போதும்.

வரும் மாதத்து முதற் சனிக்கிழமை நம் சங்கத்து மாதர் ஒரு குழுவாகச் சென்றுவர வண்டிக்கு ஏற்பாடு செய்துள்ளதாகச் செயலாளர் கூறுகிறார். பெயர் எழுதும் குறிப்பேடு வாயிலருகே இருக்கிறது. முதல் வரியில் எம் மனைவியார் தம் கையாலேயே எழுதியிருக்கிறார். இரண்டாம் வரியில் எழுதப்பட்டிருப்பது சின்னம்மாவின் மகள் பெயர். அவளுக்கு இவ்வாண்டு முப்பத்தெட்டு வயது.