புவியின் பதிவேடும் ஆய்வு மாணவர் நல்கையும்

(உரையின் எழுத்து வடிவம்)



ஏரி நிறைவதற்கு மழை மட்டும் போதாது. வரத்துக்கால் வெட்டி, தூர் வாரி, கரை காப்பாரும் வேண்டும். அறிவியலும் அத்தகையதே. கருவிகள் அளவுகளைக் கொட்டுகின்றன. அவற்றைத் தூய்மை செய்து, பெயரிட்டு, வகுத்து, பின்வருவார்க்குப் பயன்படுமாறு வைத்துச் செல்லும் ஆள் இல்லையேல் கொட்டியவை யாவும் வீணே. அத்தகைய ஆளை உருவாக்க அமெரிக்க நாடு என்ன செய்தது, எங்கே தளர்ந்தது என்பதே இவ்வுரையின் பொருள். துறை, புவியறிவியலும் தகவலியலும் கூடும் இடம்.

முதற்கண் ஒரு நிகழ்ச்சி. 1964ஆம் ஆண்டில் 'நிம்பசு 1' என்னும் வானிலைச் செயற்கைக்கோளை அமெரிக்கர் ஏவினர். ஏறத்தாழ ஒரு திங்களே அது உழைத்தது. முகில்களைக் காண்பதே அன்றைய நோக்கம். ஆயினும் அதன் படங்களில் தென்முனைக் கடற்பனியும் பதிந்திருந்தது. படச்சுருள்கள் பேழைகளில் அடைந்து கிடந்தன. நாற்பது ஆண்டுகட்கு மேல் கழிந்தபின், கொலராடோவிலுள்ள பனித் தரவு நடுவத்தார் அவற்றை எடுத்து எண்மப் படங்களாக்கினர். ஒவ்வொரு படமும் எவ்விடத்தைக் காட்டுகிறது எனக் கணித்தனர். 1964 செப்டம்பரில் பனி எதுவரை பரந்திருந்தது என வரைந்து காட்டினர். கடற்பனிக்குத் தொடர்ச்சியான செயற்கைக்கோள் பதிவு 1978இன் இறுதியில்தான் தொடங்குகிறது. அதற்குப் பதினான்கு ஆண்டுகள் முந்திய ஒரு சான்று இவ்வாறு மீண்டது. அச்சுருள்கள் மட்கியிருந்தால் அதனை மீட்க எவ்வழியும் இல்லை. உருகிப்போன பனியை மீண்டும் அளப்பார் யார்?

அடுத்தது, சொல். செயற்கைக்கோள் மேலிருந்து காண்பது தரையின் மேல்தோலின் வெப்பநிலை. வானிலை நிலையத்தார் அளப்பதோ, தரைக்குமேல் ஏறத்தாழ ஓர் ஆள் உயரத்தில், நிழற்கூட்டினுள் வைத்த வெப்பமானி காட்டும் காற்றின் வெப்பநிலை. நண்பகலில் வெறுந்தரையில் இவ்விரண்டும் பல பாகை வேறுபடும். இரண்டனையும் 'பரப்பு வெப்பநிலை' என ஒரே பெயரால் இரு கோப்புகளில் எழுதி வைத்தால், மாந்தன் ஐயுற்றுக் கேட்பான். கணிப்பொறி கேளாது, இரண்டையும் கலந்து பிழையான விடையைத் தயங்காது தந்துவிடும். சொற்றெளிவு இல்லாத இடத்தில் அறிவியல் நிற்காது என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

இதனை நன்குணர்ந்தவர் இராபர்ட்டு இராசுக்கின். நாசாவின் தாரைச் செலுத்த ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய அவர், புவியும் சுற்றுச்சூழலும் பற்றிய ஆயிரக்கணக்கான கருத்துகளை, எது எதன் வகை, எது எதன் பகுதி எனக் கணிப்பொறி அறியுமாறு கோத்த ஒரு சொற்களஞ்சியத்தை உருவாக்க முன்னின்றார். 'சுவீட்' என்பது அதன் சுருக்கப் பெயர். 1998இல் நாசாவின் முயற்சியால் தோன்றிய புவியறிவியல் தகவற் கூட்டமைப்பு பின்னர் அக்களஞ்சியத்தைப் பேணும் பொறுப்பை ஏற்றது. அவர் மறைந்தபின் அவர் பெயராலேயே மாணவர்க்கு ஒரு நல்கையையும் ஏற்படுத்தியது. ஆய்வு மாணவரைத் தன் பணிக்குழுக்களோடு இணைத்து, சிறுதொகையோடு மூத்தோர் அவையில் இடமும் அளிக்கும் நல்கை ஒன்றும் அதற்கு உண்டு.

இங்கு ஒரு வேறுபாட்டை இளைஞர்கள் உன்னிப்பாக நோக்க வேண்டும். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் ஆய்வு மாணவர் பெறும் தொகை பெரும்பாலும் இருவகைப்படும். ஒன்று, பேராசிரியர் தம் திட்டத்திற்குப் பெற்ற பொருளிலிருந்து மாணவர்க்குத் தரும் ஊதியம். அங்குக் கேள்வி பேராசிரியருடையது. மற்றொன்று நல்கை, அது மாணவரையே தேர்ந்து தரப்படுவது. தரவைத் துப்புரவு செய்வதும் சொல்லை வரையறுப்பதும் விரைவில் கட்டுரையாகக் காய்க்கா. நிலவியல் துறையார் 'இது கணிப்பொறி வேலை' என்பர். கணிப்பொறித் துறையார் 'இதில் புதுக் கணிமுறை எங்கே?' என்பர். இரு வீட்டுக்கும் விருந்தாகி ஒரு வீட்டிலும் உணவு பெறாதவன் நிலையே அம்மாணவன் நிலை! அவனுக்கு ஈராண்டு மூவாண்டு உரிமையோடு உழைக்க வழி செய்வது நல்கையே.

அமெரிக்க நாட்டு அறிவியல் அறக்கட்டளை 1950இல் சட்டத்தால் தோன்றியது. 1952இலேயே மாணவர்க்கு நல்கை வழங்கத் தொடங்கியது. பெரும் கருவிகளுக்கு முன்பே ஆளைத் தேடிய அறிவு அது! புவியறிவியலுக்கும் கணிப்பொறி அறிவியலுக்கும் அந்நல்கையில் இடமுண்டு. மூன்றாண்டுத் தொகையை மாணவர் தாம் தேர்ந்த பல்கலைக்கழகத்திற்கு எடுத்துச் செல்லலாம். நாசா 2019 முதல் வழங்கிய நல்கையோ மாணவரை 'எதிர்கால ஆய்வாளர்' என்றே அழைத்தது. பொருள் பல்கலைக்கழகத்தின் வழியே வரினும், ஆய்வுக் கருத்து மாணவருடையதாக இருத்தல் வேண்டும் என்பது அதன் நெறி.

இத்தகைய ஆள்களின் தேவை குறைந்தபாடில்லை, பெருகியே வந்துள்ளது. 1972 முதல் நிலத்தைப் படம்பிடித்து வரும் 'இலாண்ட்சாட்' வரிசையின் படம் ஒன்று 1999இல் 600 அமெரிக்கத் தாலருக்கு விற்றது. 2008இல் விலையின்றித் திறந்துவிட முடிவாயிற்று. களஞ்சியத்தின் கதவு திறந்தது; உள்ளே புகுந்து பிரித்தறியும் கண்கள்தாம் அருமையாயின.

அந்நிலையில்தான் தளர்ச்சி நேர்ந்தது. ஆண்டுக்கு ஏறத்தாழ 2,000 பேருக்கு நல்கிவந்த அவ்வறக்கட்டளை, 2025ஆம் ஆண்டின் முதற் பட்டியலில் 1,000 பேரையே தேர்ந்தது. பின்னர் 500 பேர் சேர்க்கப்பட்டனர். எண்ணிக்கைதானே என்று இதனைத் தள்ளிவிடலாகாது. விடுபட்டவருள் சிலர் பேராசிரியர் திட்டத்தில் ஒதுங்குவர். சிலர் வாணிக நிறுவனங்களுக்குச் செல்வர். அவர்கள் வாழ்வு ஒருவாறு நடந்தேறும். ஆனால் அவர்கள் கேட்க எண்ணிய கேள்வி கேட்கப்படாமலே போகும். ஏதோ ஒரு பேழையிலுள்ள சுருள் பிரிக்கப்படாமலே மட்கும். அவ்விழப்பு எந்தக் கணக்கேட்டிலும் ஏறுவதில்லை.

கருவிக்குக் கொடுக்கும் பொருள் கருவியோடு தேயும். மாணவனுக்கு உரிமையோடு கொடுக்கும் பொருளோ அவன் ஆக்கிய சொல்லிலும் அவன் காத்த பதிவிலும் அவனுக்குப் பின்னும் நிற்கும். கொடுப்போர் இதனை உணர்க! பெறுவோர் அவ்வுரிமைக்குத் தக உழைக்க!