மஞ்சளும் நெல்லியும் பரம்பரை நரம்பு நோயும்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



சில குடும்பங்களில் அப்பாவுக்கு இருந்த மாதிரியே பிள்ளைக்கும் பாதம் வளைந்து போகும். முன்பாதம் தொங்கும், செருப்பு நிற்காமல் கழன்று விழும். வருஷம் போகப் போக விரல்களிலும் பலம் குறையும். இது சாபம் இல்லை. மருமகள் கொண்டு வந்த தோஷமும் இல்லை. பரம்பரையாக வருகிற நரம்பு நோய். தாய் வழியாகவும் வரும், தகப்பன் வழியாகவும் வரும். 1886-ல் இதைப் பற்றி எழுதிய மூன்று டாக்டர்களின் பெயரால் சார்கோ-மேரி-டூத் நோய் என்கிறார்கள்.

"இதுக்கு மூலிகையில மருந்து இருக்காமே, உள்கடன் எடுக்கலாமா?" என்று நாங்கள் குழுக்களுக்கு வரும்போது கேட்கிறீர்கள். நியாயமான கேள்விதான். விஞ்ஞானிகளும் செடிகளில் தேடத்தான் செய்கிறார்கள்.

மஞ்சளில் உள்ள குர்குமினை இந்நோய் உள்ள எலிகளுக்குக் கொடுத்ததில் நடமாட்டம் தேறியது என்று 2007-ல் எழுதினார்கள். நெல்லிக்காயில் நிறைய இருக்கிற வைட்டமின் சி 2004-லேயே எலிகளுக்குப் பலன் தந்தது. சரி, மனுஷருக்கு? இத்தாலியிலும் பிரிட்டனிலும் 270 நோயாளிகளுக்கு மேல் சேர்த்து, பாதிப் பேருக்கு வைட்டமின் சி, மீதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை என்று 2 வருஷம் கொடுத்துப் பார்த்தார்கள். 2011-ல் முடிவு வந்தது. இரண்டு பக்கமும் வித்தியாசமே இல்லை. எலி தேறினால் மனுஷரும் தேறுவார் என்று சொல்ல முடியாது, பார்த்தீர்களா?

செடி என்றால் கெடுதல் செய்யாது என்பதும் சரியில்லை. நம் வாசலில் பூக்கிற நித்திய கல்யாணியிலிருந்து எடுக்கிற வின்கிரிஸ்டின், ரத்தப் புற்றுநோய்க்கு நல்ல மருந்து. ஆனால் இந்த நரம்பு நோய் உள்ளவருக்கு அதைப் போட்டால் சீக்கிரமே கை கால் விழுந்துவிடலாம். அதனால் எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும், "எங்க குடும்பத்துல இந்த நோய் இருக்கு" என்று முதலில் சொல்லுங்கள்.

இந்நோயை முழுசாகக் குணமாக்கும் மருந்து இன்னும் வரவில்லை. மஞ்சளையும் நெல்லியையும் சாப்பாட்டில் சேருங்கள். பொடிக்கும் லேகியத்துக்கும் ஆயிரக்கணக்கில் கடன் மட்டும் வாங்காதீர்கள். மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் நரம்பியல் பிரிவில் காட்டுங்கள். உடற்பயிற்சி சிகிச்சையும் கால் தாங்கியும் நடையைக் காப்பாற்றும். மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கும் விண்ணப்பம் கொடுங்கள்.

கடன் கேட்டு வருகிற சகோதரியை வெறுங்கையோடு அனுப்பாதீர்கள். ஆஸ்பத்திரிக்குக் கூடப் போக ஒரு உறுப்பினரை அனுப்புங்கள். அதுதான் குழுவின் பலம்.